இறுக்கினால் நிற்குமா? ஆடும் மிதிவண்டி சொல்லித்தரும் அறிவியல்

ஆடித் தபசு உள்ளூர் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாள். காலை வணக்கக் கூட்டம் கலைந்து வகுப்புக்குள் நுழைந்தபோது, பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி முழங்கையைக் கைக்குட்டையால் பொத்தியபடி உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"கழுகுமலை ரோட்டுல விழுந்துட்டேன் சார். பின்னால லாரி வந்துச்சு. ஓரமா ஒதுங்கும்போது சைக்கிள் ஆடிருச்சு. நல்லவேளை, மண்ணுப் பக்கமா விழுந்தேன்."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் 'மண்ணுப் பக்கமா' என்ற சொல் எனக்குள் தைத்தது. அந்தப் பக்கம் விழாமல் இந்தப் பக்கம் விழுந்திருந்தால்?

சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து நம் பிள்ளைகள் பலர் மிதிவண்டியில்தான் வருகிறார்கள். இராஜபாளையம் சாலை, திருநெல்வேலி சாலை, கழுகுமலை சாலை, புளியங்குடி சாலை என எந்தப் பக்கம் போனாலும் பேருந்தும் லாரியும் அவர்களை உரசிக்கொண்டு போகின்றன. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் காற்று காற்றாலைகளை மட்டுமல்ல, மிதிவண்டிகளையும் தள்ளுகிறது. இந்த நிலையில் வண்டி சொன்னபடி கேட்காவிட்டால் அது வெறும் பழுது அல்ல, உயிர்ப் பிரச்சினை.

அவள் அடுத்துச் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

"போன வாரம் ஹேண்டில் லூசா இருக்குன்னு அண்ணன் நல்லா டைட் வச்சுக் குடுத்தான் சார். அதுக்கப்புறம்தான் இன்னும் மோசம்."

தளர்ந்ததை இறுக்கினால் சரியாகத்தானே வேண்டும்? ஏன் மோசமாயிற்று? அன்று நடத்தவிருந்த பாடத்தை ஒரு நாள் தள்ளிவைத்துவிட்டு, மாணவர்களுடன் மிதிவண்டி நிறுத்துமிடத்துக்குப் போனேன்.

மிதிவண்டி ஏன் விழுவதில்லை?

பழுதைக் கண்டுபிடிக்கும் முன், பழுதில்லாத வண்டி எப்படி ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். "வேகமா போறதால விழல சார்" என்பதுதான் வகுப்பில் கிடைத்த முதல் பதில். அது பாதி பதில்.

ஒரு விளக்குமாற்றைத் தலைகீழாக உள்ளங்கையில் நிறுத்திப் பாருங்கள். அது சாயும் பக்கமாக நாம் கையை நகர்த்துகிறோம். கை அசைந்துகொண்டே இருப்பதால்தான் அது நிற்கிறது. கையை அசைக்காமல் வைத்தால் அடுத்த நொடி விழும். மிதிவண்டியும் அப்படித்தான். வண்டி இடப்பக்கம் சாயும்போது முன்சக்கரம் இடப்பக்கம் திரும்புகிறது. திரும்பியதும் சக்கரங்கள் சாய்ந்த உடலுக்கு அடியில் வந்து தாங்கிக்கொள்கின்றன. பிறகு வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம். நேராகப் போவதாக நாம் நினைக்கும் மிதிவண்டி உண்மையில் சிறுசிறு வளைவுகளாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

இந்தத் திருத்தத்தை ஓட்டுபவர் மட்டும் செய்வதில்லை. வண்டியும் செய்கிறது. ஹேண்டிலைத் தொடாமல் இருக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு மிதிவண்டியை நடத்திச் செல்லுங்கள். வண்டியை மெதுவாக வலப்பக்கம் சாய்த்தால் முன்சக்கரம் தானாகவே வலப்பக்கம் திரும்பும். எல்லா வகுப்பிலும் செய்து காட்டக்கூடிய எளிய சோதனை இது.

ஏன் திரும்புகிறது? முன்சக்கரத்தைத் தாங்கும் போர்க் செங்குத்தாக இல்லை, சற்றுச் சாய்ந்திருக்கிறது. ஹேண்டில் தண்டின் சாய்வை அப்படியே தரை வரை நீட்டி ஒரு கோடு போட்டால், சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்குச் சில சென்டிமீட்டர் முன்னால் அந்தக் கோடு தரையைத் தொடும். அதாவது சக்கரம் தன் திருப்பு அச்சுக்குப் பின்னால் இழுபட்டு வருகிறது. இதனுடன் சுழலும் சக்கரத்தின் விளைவும், ஹேண்டில் பகுதியின் எடை அமைந்திருக்கும் விதமும் சேர்ந்து வேலை செய்கின்றன.

இது முழுமையாகத் தீர்ந்த எளிய கணக்கு என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தின் பிரான்சிஸ் விப்பிள் 1899இல் மிதிவண்டியின் இயக்கத்துக்குச் சமன்பாடுகள் எழுதினார். 1970இல் டேவிட் ஜோன்ஸ் என்ற வேதியியலாளர், யாராலும் ஓட்ட முடியாத மிதிவண்டி ஒன்றைச் செய்யப் புறப்பட்டார். முன்சக்கரத்தின் பக்கத்தில் எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி, சுழற்சியின் விளைவை நீக்கினார். அப்படியும் அதை ஓட்ட முடிந்தது! 2011இல் நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து, சுழற்சி விளைவும் இல்லாமல், சக்கரம் பின்னால் இழுபடும் அமைப்பும் இல்லாமல் தானாகவே நிமிர்ந்து ஓடும் ஒரு சிறு வண்டியைச் செய்து காட்டினார்கள். பாடநூலில் ஒரே வரியில் முடியும் விடை எப்போதும் முழு விடை அல்ல என்று மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

எல்லா ஆய்வுகளுக்கும் பொதுவான கருத்து ஒன்று உண்டு. தானாக நிமிரும் வண்டி, சாயும் பக்கம் திரும்பக்கூடிய வண்டி. திரும்ப விடாமல் தடுத்தால் விழும். நம் மாணவியின் வண்டிக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஆனால் நான் அதை உடனே சொல்லவில்லை.

முதலில் கேள்வி, பிறகு ஸ்பேனர்

"சைக்கிள் ஆடுது" என்பது 'உடம்பு சரியில்லை' என்பது போன்ற சொல். மருத்துவர் எப்போது, எங்கே, எப்படி என்று கேட்பார் அல்லவா? அதுபோல ஐந்து கேள்விகளைக் கரும்பலகையில் எழுதினோம்.

1. மெதுவாகப் போகும்போது ஆடுகிறதா, வேகமாகப் போகும்போதா?
2. எப்போதும் ஒரே பக்கம் இழுக்கிறதா, இரு பக்கமும் அலைகிறதா?
3. பிரேக் பிடிக்கும்போது மட்டும் அதிர்கிறதா?
4. பையோ ஆளோ ஏற்றினால் மட்டும் ஆடுகிறதா?
5. எப்போதிலிருந்து இப்படி? அதற்கு முன் வண்டியில் என்ன செய்தார்கள்?

ஐந்தாவது கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்பதே இல்லை. பஞ்சர் ஒட்டிய பிறகா, செயின் இழுத்துக் கட்டிய பிறகா, கீழே விழுந்த பிறகா என்பது தெரிந்தால் பாதிப் பழுது பிடிபட்டுவிடும்.

அவளுடைய பதில்கள்: மெதுவாகப் போகும்போதுதான் மோசம், இரு பக்கமும் அலைகிறது, பிரேக்கில் அதிர்வு இல்லை, பை மாட்டினால் கூடுகிறது, ஹேண்டிலை இறுக்கிய பிறகுதான் இப்படி.

அடுத்து ஒரு விதி வைத்துக்கொண்டோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றியதும் அதே பாதையில், அதே ஆள், அதே வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். விளையாட்டு விழாவுக்குப் போடுவதுபோல மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டோம். கோட்டின் மேல் மெதுவாக ஓட்ட வேண்டும். எத்தனை முறை விலகுகிறது என்று மற்றவர்கள் எண்ண வேண்டும். அடிபட்டவளுக்கு ஓய்வு. ஓட்டியது நன்றாக ஓட்டத் தெரிந்த அவள் தோழி.

எளியதிலிருந்து கடினத்துக்கு: ஆறு சோதனைகள்

கருவி தேவைப்படாத சோதனையில் தொடங்கி, கருவி தேவைப்படுவதை நோக்கிப் போவது நல்லது.

காற்று: முன்சக்கரத்தில் காற்றுக் குறைந்தால் வண்டி சேற்றில் போவதுபோல் வழுக்கும், ஹேண்டில் கனக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்குக் காற்று இருக்க வேண்டும். நம் பக்கத்துச் சாலையோரங்களில் சீமைக் கருவேல முள்ளுக்குக் குறைவில்லை. ஒரே இரவில் காற்று இறங்குகிறது என்றால் முள்ளைத் தேட வேண்டும்.

சுமை: ஹேண்டிலில் மாட்டிய பை ஓர் ஊசல். வண்டி அசைய அசைய அது ஆடும். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஹேண்டிலைத் திருப்பும். இடப்பக்கம் மட்டும் சாப்பாட்டுப் பையை மாட்டினால் வண்டி இடப்பக்கம் இழுக்கும். முன்கூடையில் கனமான பொருளை வைத்தாலும் ஹேண்டில் திரும்பும்போது அந்தக் கனமும் சேர்ந்து திரும்பும். புத்தகப் பையைக் கேரியரில் நகராமல் கட்டுவதோ, இரு தோளிலும் சரியாக மாட்டுவதோ மேல். கேரியரில் தோழியை ஏற்றிக்கொண்டு 'டபுள்ஸ்' போவது ஏன் ஆபத்து என்பதையும் இங்கேயே பேசிவிடலாம்: பின்னால் அமர்ந்தவர் திரும்பிப் பார்த்தாலே முன்னால் ஓட்டுபவரின் கணக்கு தவறிவிடும்.

சக்கரக் கோட்டம்: இதற்கு வேண்டிய கருவி நம் கையில் எப்போதும் இருக்கிறது: சாக்பீஸ். முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழலவிட்டு, போர்க்கில் கையை ஊன்றி, சாக்பீஸை ரிம்முக்கு மிக அருகில் பிடியுங்கள். கோட்டமான இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழும். விலகல் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் கடையில் கோட்டம் எடுக்க வேண்டும். ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினால் தளர்ந்த கம்பி மட்டும் மந்தமாக ஒலிக்கும். ஒலியியல் பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேண்டுமா?

அச்சும் கோனும்: ரிம்மின் மேற்பகுதியைப் பிடித்து இடமும் வலமுமாக அசைத்துப் பாருங்கள். 'டக் டக்' என்றால் அச்சில் உள்ள கோன் தளர்ந்திருக்கிறது. வேகமாகப் போகும்போது வண்டி நடுங்குவதற்கு இது ஒரு காரணம். மாறாக, கோன் மிக இறுகியிருந்தாலும் கேடுதான். சக்கரத்தைத் தூக்கி மெதுவாகச் சுழலவிட்டால், நிற்பதற்கு முன் அது ஊசல்போல முன்னும் பின்னும் ஆடி, கனமான பக்கம் கீழே வந்து நிற்க வேண்டும். நடுவழியில் சட்டென்று நின்றால் கோன் இறுகியிருக்கிறது, அல்லது உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது.

இரு சக்கரமும் ஒரே நேர்கோட்டில்: மைதானத்தில் கொஞ்சம் தண்ணீரைக் கொட்டி, வண்டியை அதில் உருட்டி, காய்ந்த தரையில் நேராகத் தள்ளிச் செல்லுங்கள். இரு டயர்களின் தடமும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். இரண்டு தனித்தனிக் கோடுகளாக விழுந்தால், பஞ்சர் ஒட்டிய பிறகோ செயின் இழுத்த பிறகோ பின்சக்கரம் கோணலாகப் பூட்டப்பட்டிருக்கலாம். வண்டி எப்போதும் ஒரே பக்கம் இழுப்பதாகச் சொன்னால் இதை முதலிலேயே பார்த்துவிடலாம்.

ஹேண்டில் கப்பு: ஹேண்டில் தண்டு சட்டத்துக்குள் சுழலும் இடத்தில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரு கப்புகள் உண்டு. அவற்றுக்குள் இரும்புக் குண்டுகள் இருக்கும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் அந்த இடத்தில் ஆட்டம் தெரியக் கூடாது. தெரிந்தால் கப்பு தளர்ந்திருக்கிறது. அடுத்து, சட்டத்தைப் பிடித்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, வண்டியை மெதுவாக ஒரு பக்கம் சாய்க்க வேண்டும். ஹேண்டில் தன் எடையாலேயே அந்தப் பக்கம் விழ வேண்டும். விழாமல் நின்றால் கப்பு இறுகியிருக்கிறது. நேராக வரும்போது மட்டும் 'டக்'கென்று உட்கார்ந்தால், குண்டுகள் அழுந்தி அழுந்தி உள்ளே பள்ளம் விழுந்திருக்கிறது. பகுதியை மாற்ற வேண்டியதுதான்.

அன்று கண்டது

முதலில் முன்சக்கரத்துக்குக் காற்றடித்தோம். கோட்டில் ஓட்டியபோது சிறிது முன்னேற்றம். அடுத்து ஹேண்டிலில் தொங்கிய சாப்பாட்டுப் பையை எடுத்தோம். இன்னும் கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் மெதுவாக ஓட்டும்போது அலைச்சல் போகவில்லை. சக்கரம், அச்சு, நேர்கோடு மூன்றிலும் குறையில்லை. கடைசியாக முன்சக்கரத்தைத் தூக்கி வண்டியைச் சாய்த்தோம். ஹேண்டில் அசையவே இல்லை. ஆணி அடித்ததுபோல் நின்றது.

"சார், திரும்பவே மாட்டேங்குது! அப்புறம் எப்படி அது சாயுற பக்கம் திரும்பும்?" என்றான் ஒரு மாணவன்.

விடை அவர்கள் வாயிலிருந்தே வந்துவிட்டது. முதலில் கப்பு தளர்ந்திருந்தது உண்மை. அண்ணன் அக்கறையோடுதான் இறுக்கினான். ஆனால் தேவைக்கு மேல் இறுக்கிவிட்டான். வண்டி தானாகச் செய்துகொண்டிருந்த சிறு திருத்தங்கள் நின்றுபோயின. எல்லாவற்றையும் அவளே கையால் திருப்ப வேண்டியதாயிற்று. இறுகிய ஹேண்டிலைத் திருப்ப முயன்றால் முதலில் அசையாது. பிறகு சட்டென்று கூடுதலாகத் திரும்பும். உடனே மறுபக்கம் இழுக்க வேண்டும். அதுதான் அந்த அலைச்சல். லாரிக்கு ஒதுங்க வேகத்தைக் குறைத்தபோது அது அவளை விழவைத்தது.

மாலையில் பேருந்து நிலையம் பக்கமுள்ள மிதிவண்டிக் கடைக்குப் போனோம். கடை அண்ணாச்சி ஒருமுறை சாய்த்துப் பார்த்தார். "கால் திருகு போதும் சார்" என்றார். மேல் பூட்டைத் தளர்த்தி, கப்பைச் சிறிது திருப்பி, மறுபடி பூட்டினார். ஆட்டமும் இல்லை, இறுக்கமும் இல்லை. மறுநாள் காலை சுண்ணாம்புக் கோட்டின் மேல் வண்டி வழுவாமல் ஓடியது.

தண்ணீரிலும் இதே கணக்கு

இந்தச் சிந்தனை மிதிவண்டியோடு நிற்பதில்லை. முட்டுக்காடு போன்ற படகுத் துறைகளில் வாட்டர் ஸ்கூட்டரைப் பார்த்திருப்போம். அதில் அமர்ந்து ஓட்டுவது போலவே, ஒருவர் மட்டும் நின்றபடி ஓட்டும் வகையும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் ஜப்பானின் கவாசாகி நிறுவனம் ஜெட் ஸ்கீ என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவும் மிதிவண்டியைப் போலத்தான்: நின்றால் கவிழப் பார்க்கும், ஓடினால் நிமிரும்.

அதற்குச் சுக்கான் கிடையாது. அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சுகிறது. ஹேண்டிலைத் திருப்பினால் பீய்ச்சும் குழாயின் வாய் திரும்புகிறது. ஆகவே விசையைக் குறைத்துவிட்டால் திருப்பும் திறனும் போய்விடும். எதிரே படகைக் கண்டு பயந்து விசையை விட்டவர்கள், ஹேண்டிலைத் திருப்பியும் நேராகவே போய் மோதுவதற்கு இதுதான் காரணம்.

அது ஆடினால் கேட்க வேண்டிய கேள்விகளும் நமக்குப் பழக்கமானவையே. நிற்பவரின் எடை எங்கே இருக்கிறது? முன்பக்கம் துள்ளுகிறதா? உறிஞ்சும் வாயில் பாசி அடைத்திருக்கிறதா? திருப்பும் கம்பி தளர்ந்ததா, இறுகியதா? எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறதா? உள்ளே தேங்கிய தண்ணீர் வண்டி சாயும் பக்கமெல்லாம் ஓடி அந்தச் சாய்வைக் கூட்டும். மிதிவண்டி ஹேண்டிலில் ஆடும் பையைப் போல அதுவும் நகரும் சுமை. நம் ஊரில் கடல் இல்லாவிட்டால் என்ன? ஒரு வாளித் தண்ணீரும் ஒரு டிபன் பாக்ஸும் போதும். டிபன் பாக்ஸில் சிறிது மணலை அழுத்திப் பரப்பி மிதக்கவிட்டுத் தட்டிப் பாருங்கள். பிறகு அதே எடைக்குத் தண்ணீர் ஊற்றித் தட்டிப் பாருங்கள். வேறுபாடு உடனே தெரியும்.

வகுப்பறையில் செய்ய

தொடக்க வகுப்புகள்: விளக்குமாற்றை உள்ளங்கையில் நிறுத்தும் விளையாட்டு. நீளமான குச்சி எளிதா, குட்டையான குச்சி எளிதா என்று குழந்தைகளே கண்டுபிடிக்கட்டும். டிபன் பாக்ஸ் சோதனையும் அவர்களுக்கு ஏற்றது.

6 முதல் 8 வரை: இருக்கையைப் பிடித்து மிதிவண்டியைச் சாய்த்து நடத்தும் சோதனை, சாக்பீஸ் சோதனை, ஈரத் தடச் சோதனை. ஒவ்வொரு குழுவும் கண்டதை வரைந்து எழுதட்டும்.

9, 10: சுண்ணாம்புக் கோட்டுச் சோதனை. காற்றின் அளவை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாற்றாமல் வைத்து, விலகும் எண்ணிக்கையை அட்டவணையிடலாம். எது மாறுவது, எது மாறாதது என்ற கருத்து மனத்தில் ஆழப் பதியும்.

11, 12: ஹேண்டில் தண்டின் சாய்வை நூல் கட்டி நீட்டி, சக்கரம் எத்தனை சென்டிமீட்டர் பின்னால் இழுபடுகிறது என்று பல மிதிவண்டிகளில் அளந்து ஒப்பிடலாம். மாதம் ஒருமுறை பள்ளியிலுள்ள எல்லா மிதிவண்டிகளையும் இவர்களே சோதித்து, குறையுள்ள வண்டிக்கு ஒரு சீட்டுக் கட்டிவிடலாம்.

கவனம் தேவைப்படும் இடங்களும் உண்டு. ஓட்டும் சோதனைகளை மைதானத்துக்குள் மட்டுமே, ஆசிரியர் முன்னிலையில் செய்ய வேண்டும். பிரேக் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே வண்டியில் ஏறவிட வேண்டும். கழற்றிய எந்த நட்டும் மறுபடி பூட்டப்பட்டதா என்று ஒருவர் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். போர்க்கிலோ சட்டத்திலோ விரிசலோ வளைவோ தெரிந்தால் அது பள்ளியில் சரிசெய்யும் வேலை அல்ல. அந்த வண்டியை ஓட்டவிடாமல் பெற்றோருக்குச் சொல்லி அனுப்புவதே முறை. கப்பு, கோன் போன்றவற்றை மாணவர்கள் சோதித்துக் கண்டுபிடிக்கட்டும். திருத்தும் வேலை கடைக்காரரின் கையில் இருக்கட்டும்.

அந்த மாணவி இப்போதும் கழுகுமலை சாலையில்தான் வருகிறாள். சாப்பாட்டுப் பை கேரியரில் கட்டப்பட்டிருக்கிறது. போன வாரம் ஒரு நாள் மிதிவண்டி நிறுத்துமிடத்தைக் கடந்தபோது, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரைச் சுற்றி நிற்கவைத்து, ஒரு வண்டியின் முன்சக்கரத்தைத் தூக்கிச் சாய்த்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா, தானா விழுது. இப்படி விழணும். விழலைன்னா யாரோ ரொம்ப டைட் வச்சுட்டாங்கன்னு அர்த்தம்."

நான் நிற்காமல் வகுப்புக்கு நடந்தேன்.